தானியங்கு எழுத்தும் தமிழ் மாணவரும்

விழா மலருக்குக் கவிதையோ கட்டுரையோ எழுதித் தருமாறு மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் முதல் வரியிலேயே நின்றுவிடுகின்றனர். சொற்பஞ்சம் இதற்குக் காரணம் அன்று. வல்லினம் மிகுமா மிகாதா, இது கொச்சைச் சொல்லோ, ஆசிரியர் என்ன சொல்வாரோ என்னும் ஐயங்கள் எழுதுகோலைத் தடுக்கின்றன. எழுதப்படும் முன்னரே திருத்தப்படும் வரி எவ்வாறு பிறக்கும்? இக்குறைக்கு மேலைநாட்டார் கையாண்ட தானியங்கு எழுத்து என்னும் முறையை நம் வகுப்பறைகள் ஓரளவு ஏற்கலாம் என்பது என் கருத்து.

கணினியே கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் இப்பெயர் வேறு பொருள் தரக்கூடும். ஈண்டு எழுதுவது மனிதக் கையே. அறிவின் கண்காணிப்பை விலக்கி, மனத்தில் தோன்றுவதைத் தோன்றியவாறே, நிறுத்தாமலும் திருத்தாமலும் விரைந்து எழுதிச் செல்வதே இம்முறை. தொடக்கத்தில் ஆவிகளோடு பேசுவதாகக் கூறிக்கொண்டோர் இதனைக் கையாண்டனர். ஆதலின் பெரியோர் சிலர் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கலாம். ஆனால், பிரெஞ்சு உளவியலறிஞர் பியர் ஜானே 1889இல் வெளியிட்ட தம் நூலில், இஃது எழுதுவோர் மனத்தின் செயலே என விளக்கிவிட்டார்.

இதனை இலக்கியத்துக்குள் கொணர்ந்தவர் ஆந்த்ரே பிரெத்தோன். மருத்துவ மாணவராயிருந்த அவர், முதல் உலகப் போரின்போது, 1916இல், மனம் சிதைந்த வீரர்களுக்கான மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார்; பிராய்டின் முறைகளை அங்கே பயன்படுத்திப் பார்த்தார். நோயாளி தடையின்றிப் பேசலாமெனில் கவிஞன் ஏன் தடையின்றி எழுதலாகாது என்னும் எண்ணம் அதன் விளைவாகும். 1919இல் பிலிப் சூப்போவுடன் சேர்ந்து அவர் விரைந்தெழுதிய பக்கங்கள் 'காந்தப் புலங்கள்' என 1920இல் நூலாயின. 1924இல் வெளியிட்ட அறிக்கையில் சர்ரியலிசத்துக்கு இலக்கணமாகவே இதனை வகுத்தார். ஆயினும் 1933இல் எழுதிய கட்டுரையொன்றில், தம் இயக்கத்தில் இம்முறையின் வரலாறு தொடர்ந்த அவப்பேறே என்று அவரே வருந்தினார். தானாகக் கொட்டுவதெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை; ஒரே வகைப் படிமங்கள் திரும்பத் திரும்ப வருவதையும் இத்தகைய எழுத்தில் காண்கிறோம்.

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் இதனினும் நல்ல சான்று. 1917இல் அவருக்குத் திருமணமான சில நாள்களில் அவர்தம் மனைவி தானியங்கு எழுத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பல்லாயிரம் பக்கங்களாக வளர்ந்தது. ஆவிகளின் செய்தியென்று யேட்ஸ் நம்பியது அவர் நம்பிக்கை, அதனை விட்டுவிடுவோம். அவர் அப்பக்கங்களைக் கவிதையென அச்சிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. அவற்றிலிருந்து கருத்தும் உருவகமும் எடுத்துக்கொண்டு, கவிதைகளைத் தனியே, அடித்தும் திருத்தியும் எழுதினார். அவர்தம் கையெழுத்துப் படிகளைப் பார்த்தோர் அந்த உழைப்பை நன்கறிவர்.

நம்மிடம் ஆசுகவி மரபு இருக்க இஃது எதற்கு என்று வினவுவாரும் உளர். விரைவு ஒன்றே இரண்டுக்கும் பொது. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் கொடுத்த ஈற்றடிக்கு உடனே வெண்பாப் பாடினரெனில், யாப்பு அவர்களுக்கு மூச்சாகியிருந்தது. கட்டுப்பாடு முற்றும் உள்ளே இறங்கியமையால் வந்த விரைவு அது. யாப்பை இப்போதுதான் கற்கத் தொடங்கும் மாணவனிடம் அதனை எதிர்பார்த்தல் முறையாகாது. அவனுக்கு முதலில் வேண்டுவது அச்சம் நீங்குதல்.

அதற்கு வழி காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ. 1973இல் வெளியான தம் நூலில் அவர் கூறிய பயிற்சி எளியது: பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுதுக, ஒன்றும் தோன்றாவிடில் 'ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதுக. ஆக்கும் மனமும் திருத்தும் மனமும் ஒரே வேளையில் இயங்கின் ஒன்றையொன்று முடக்கும் என்பது அவர் கொள்கை.

தமிழில் இப்பயிற்சிக்குத் தனிப் பயன் ஒன்று உண்டு. நமக்குப் பேச்சுமொழி வேறு, எழுத்துமொழி வேறு. கை நில்லாது ஓடும்போது வீட்டுத்தமிழ் தாளில் வந்து விழுகிறது. வாப்பாவும் உம்மாவும், காலையில் பசியாறிய கதையும், கடற்கரையூர்ப் பிள்ளைகள் காற்றுகளுக்கு வழங்கும் கொண்டல், கச்சான், சோழகம் என்னும் பெயர்களும் தேர்வு விடைத்தாளில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அவற்றைப் பிழையெனச் சிவப்பு மையால் சுழித்தால் மாணவன் மீண்டும் உரைநூலின் வரிகளுக்கே திரும்பிவிடுவான். இலக்கணம் வேண்டா என்று தமிழாசிரியனாகிய நான் கூறுவேனா? திருத்தம் மறுநாளைக்கு உரியது.

எனவே, வாரம் ஒரு பாடவேளையில் பத்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குமாறு துறையின் ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். அத்தாளுக்கு மதிப்பெண் இல்லை. மாணவர் தாமே முன்வந்து தந்தாலன்றி ஆசிரியர் அதனைப் படித்தலும் கூடாது. அடுத்த வகுப்பில் அவர் தம் தாளைத் தாமே படித்து, உயிருள்ள ஒரே ஒரு தொடரை அடிக்கோடிட்டு, அதிலிருந்து தொடங்கி, ஒற்றும் சந்தியும் நோக்கிப் பொறுமையாக எழுதட்டும். அடுத்த ஆண்டு மலருக்கான படைப்புகளை அவ்வாறு எழுதியவற்றிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.