மடக்குக் கத்தியும் "சீனா சாமான்" என்ற பேச்சும்



"சீனாவில் செய்த மடக்குக் கத்தியை நம்பி வாங்கலாமா?" என்று நம் குழுவில் ஒரு வாரமாக ஓடும் விவாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிப் பேர் "சீனா சாமானா, தொடவே தொடாதே" என்கிறீர்கள். மீதிப் பேர் "விலை குறைவு, வெட்டுது, அது போதும்" என்கிறீர்கள். இரண்டு பதிலுக்கும் நான் பாதி மதிப்பெண் கூடப் போட மாட்டேன். ஒரு கூட்டம் நாட்டைப் பார்க்கிறது, இன்னொரு கூட்டம் விலையைப் பார்க்கிறது. கத்தியை யாரும் பார்க்கவில்லை. 34 வருடம் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்த நாட்டில் செய்தது?" என்பது கத்தி வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அல்ல. "இதைச் செய்தவர் யார், தன் பெயரைப் போட்டிருக்கிறாரா, என்ன இரும்பு என்று சொல்கிறாரா, பூட்டு நிற்கிறதா?" இவைதான் கேள்விகள். இவற்றுக்குப் பதில் இருந்தால் சீனக் கத்தியைத் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் எந்த நாட்டுப் பெயர் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

ஒரு நாட்டின் பெயரையே தரத்துக்கு அளவுகோலாக வைக்கும் பழக்கம் இன்று வந்ததல்ல. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஜெர்மனியின் பொறியியல் அறிஞர் ஃபிரான்ஸ் ருலோ தன் நாட்டுச் சரக்கைப் பற்றியே "மலிவு, மட்டம்" என்று எழுதினார். அந்தக் காலத்தில் கத்தி என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட்தான். ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் கத்தியில் "ஷெஃபீல்ட்" என்று பொய்யாக முத்திரை குத்தி விற்றார்கள். இந்த மாதிரி ஏமாற்றுகளைத் தடுக்கத்தான் 1887இல் பிரிட்டனில் வணிகக் குறிகள் சட்டம் வந்தது. "மேட் இன் ஜெர்மனி" என்று போடவைத்ததே மக்கள் பார்த்து ஒதுக்கட்டும் என்றுதான். நடந்தது என்ன? சில பத்து ஆண்டுகளில் அதுவே நல்ல சரக்குக்கு அடையாளமாகிவிட்டது. 1938இல் "சோலிங்கன்" என்ற பெயரை வேறு யாரும் போடக்கூடாது என்று ஜெர்மனியிலேயே சட்டம் போட வேண்டிய நிலை வந்தது. பொய் முத்திரை குத்திய ஊருக்குத் தன் முத்திரையைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை வந்து சேர்ந்தது. ஜப்பான் கதையும் இப்படித்தான். போருக்குப் பிறகு ஜப்பான் சரக்கு என்றால் உலகம் சிரித்தது. 1950இல் டெமிங் என்ற அமெரிக்கர் அங்கே போய்த் தரக்கட்டுப்பாடு பற்றி வகுப்பு எடுத்தார். அடுத்த தலைமுறை ஜப்பான் கேமராவுக்கும் கடிகாரத்துக்கும் வரிசையில் நின்றது.

இன்று கத்தித் தொழிலில் அந்த இடத்தில் இருப்பது சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் கடலோர நகரமான யாங்ஜியாங். நமக்குச் சிவகாசி என்றால் பட்டாசு என்பது போல, சீனாவில் யாங்ஜியாங் என்றால் கத்தி, கத்தரிக்கோல். சான்ரென்மு, கைசர், வீ நைஃப் எல்லாம் அந்த ஊர்க் கம்பெனிகள். வீ நைஃப் கம்பெனியின் விலை குறைந்த வரிசைதான் சிவிவி. அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ஸ்பைடர்கோ தன் டெனேஷியஸ் மாடலைச் சீனாவில்தான் செய்விக்கிறது. அலகிலேயே "சைனா" என்று பொறித்து விற்கிறது. மறைக்கவில்லை பாருங்கள். எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான். இந்த மாதிரிக் கத்திகள் உழைக்கும் மனிதருக்குப் போதுமானவை என்பது என் தீர்மானமான கருத்து.

இனி இரும்புக்கு வருகிறேன். என் பாடம், விடமாட்டேன்.

சீனக் கத்தியில் "8சிஆர்13எம்ஓவி" என்று ஒரு மந்திரம் எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புத் தனிம அட்டவணை போதும். முதலில் இருக்கும் 8 என்பது கரிமம் சுமார் 0.8 சதவீதம் என்று பொருள். சிஆர்13 என்றால் குரோமியம் சுமார் 13 சதவீதம். எம்ஓ மாலிப்டினம், வி வனேடியம், இரண்டும் கொஞ்சம். கரிமம் கூடினால் இரும்பை அதிகம் கடினப்படுத்தலாம், கூர் நிற்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். "3சிஆர்13" என்று இருந்தால் கரிமம் 0.3தான். துரு பிடிக்காது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். "டி2" என்றால் கரிமம் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம். கூர் நன்றாக நிற்கும். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கரிமத்தோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் குறைவு. எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறை பிடிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடற்கரையில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். உங்களுக்கு 8சிஆர்13எம்ஓவியோ, 14சி28என் என்ற சுவீடன் எஃகோ தோதுப்படும்.

ஆனால் இரும்பின் பெயர் பாதிக் கதைதான். நம் கொல்லுப்பட்டறையில் துவைச்சல் என்பார்களே, அதுதான் மீதி. அலகை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி எடுக்க வேண்டும். முதல் வேலை கடினம் தரும், இரண்டாவது வேலை அது கண்ணாடி மாதிரி உடையாமல் காக்கும். இதைச் சரியாகச் செய்தால் சாதாரண இரும்பும் நல்ல கத்தியாகும். கெடுத்தால் உயர்ந்த இரும்பும் வீண். இந்தக் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். 8சிஆர்13எம்ஓவி கத்திக்குப் பெரும்பாலும் 57 முதல் 59 வரை இருக்கும். துவைச்சல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் செய்தவர் யார் என்ற கேள்வியை முதலில் வைத்தேன். கண்ணால் பார்க்க முடியாத வேலைக்கு ஆளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திவிடுகிறேன். "காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்" என்று குழுவில் ஒரு மாப்பிள்ளை எழுதியிருந்தார். சமையலறை எவர்சில்வர் தட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கத்திக்குப் பொருந்தாது. காந்தம் ஒட்டாத அந்த வகை எவர்சில்வரைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கடினமாக்கக்கூடிய கத்தி எஃகு எல்லாமே காந்தத்தில் ஒட்டும். ஒட்டவே ஒட்டாத இரும்பு அலகைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம். நம் பழைய மாணவர் ஒருவர் வயரிங் வேலை பார்ப்பவர். பெயர் வேண்டாம், பலருக்குத் தெரியும். கேபிளின் மேலுறையைச் சீவும்போது அலகு சிக்கிக்கொண்டது. அழுத்தி இழுத்தார். கத்தி மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை ஆகி, மூன்று மாதம் வேலை இல்லை. தினக்கூலி வீட்டில் மூன்று மாதம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். "சீனா சாமான் வாங்கினால் இப்படித்தான்" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினீர்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தேன். தெருவோரக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கியது. செய்தவர் பெயர் இல்லை, இரும்பின் பெயர் இல்லை. அலகில் பெரிதாக "யுஎஸ்ஏ" என்று மட்டும் பொறித்திருந்தது. கூர் அருமையாக இருந்தது. பூட்டுத்தான் இல்லாத குறை. உள்ளே இருக்கும் தகடு காகிதம் மாதிரி மெல்லிசு. அலகின் அடியை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது.

ஆகவே பிள்ளைகளே, கடையில் எல்லோரும் கூரைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறீர்கள். கூர் போனால் சாணைக்கல் இருக்கிறது. பூட்டு போனால் விரல் போகும். மடக்குக் கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்கிறேன்.

1. கத்தியை விரித்துப் பூட்டைப் பாருங்கள். லைனர் லாக் என்றால், உள்தகடு அலகின் அடித் தடிமனில் கால் பங்காவது உள்ளே வந்து முழுதாக முட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் தொட்டு நின்றால் ஆபத்து. புதுக் கத்தியிலேயே மறுகோடி வரை போய் நின்றால், தேய்மானத்துக்கு இடமில்லை.

2. அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் அச்சுத் திருகை இறுக்கினால் போகலாம். மேல் கீழ் ஆட்டம் பூட்டின் குறை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். மெல்ல அழுத்தும்போதே பூட்டு நழுவினால் அது கத்தியே அல்ல.

4. மடக்கிப் பாருங்கள். அலகு இரண்டு பக்கமும் உரசாமல் ஏறக்குறைய நடுவில் உட்கார வேண்டும். கூர் தீட்டிய பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இது உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் செய்தவரின் கவனத்தைக் காட்டும்.

5. செய்தித்தாளை வெட்டுங்கள். பிறகு அட்டைப்பெட்டியை இருபது கீற்றாக அறுத்துவிட்டு மறுபடி செய்தித்தாளை வெட்டுங்கள். அட்டை கூரைத் தின்னும். இருபது கீற்றிலேயே தாளைக் கிழிக்க ஆரம்பித்தால் இரும்போ துவைச்சலோ சரியில்லை.

அடுத்து போலிகள். நல்ல பெயர் எடுத்த சீனக் கம்பெனிகளின் பெயரிலேயே போலி வருகிறது, அமெரிக்கப் பெயர்களிலும் வருகிறது. 500 ரூபாய்க்கு உயர்ந்த ஜப்பான் எஃகு என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். "டமாஸ்கஸ்" என்று அலை அலையாகத் தெரியும் மலிவுக் கத்திகள் பலவற்றில் அந்தக் கோலம் லேசரால் மேலே வரைந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். டமாஸ்கஸ் வாளுக்கு உருக்கு போனதே நம் தென்னிந்தியாவிலிருந்துதான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

"பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்வதும் திருட்டுத்தானே சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். காப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 20 ஆண்டு. கெடு முடிந்த பூட்டு முறையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது நூலகத்துப் புத்தகம் மாதிரி. ஆனால் அடுத்தவர் பெயரையே தன் கத்தியில் பொறிப்பது வேறு. பக்கத்துப் பையன் விடைத்தாளில் தன் பதிவு எண்ணை ஒட்டிக் கொடுப்பது போன்ற வேலை. பெயரிலேயே பொய் சொன்னவர் இரும்பிலும் துவைச்சலிலும் மட்டும் உண்மை சொல்வாரா?

"நம் நாட்டு எல்லையில் தகராறு செய்கிறவன் சரக்கை நான் வாங்க மாட்டேன்" என்று சொல்பவர்களும் இருக்கிறீர்கள். அது உங்கள் மனசாட்சி, நான் தலையிட மாட்டேன். ஆனால் அதைத் தரத்தைப் பற்றிய பேச்சோடு கலக்காதீர்கள். பிடிக்காதவன் எழுதியிருந்தாலும் சரியான விடைக்கு மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும். திருப்பாச்சேத்தி அரிவாளை நாம் ஏன் நம்புகிறோம்? வாய் பெயர்ந்தால் அடித்துக் கொடுத்த பட்டறைக்கே கொண்டுபோய்க் கேட்கலாம் என்பதால். சீனக் கம்பெனியிடமும் அதையே எதிர்பாருங்கள். உத்தரவாதம் தருகிறாரா, திருகு தொலைந்தால் அனுப்புகிறாரா, இங்கே அங்கீகரித்த விற்பனையாளர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகச் சட்டம். நம் ஆயுத விதிகளில், வீடு, விவசாயம், தொழில், அறிவியல் வேலைகளுக்கென்று செய்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும். சிறிய மடக்குக் கத்தி அந்த அளவுக்குள் வராது. அதற்காக ரயில் நிலையத்திலும் கோர்ட்டிலும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது. லண்டனில் இருக்கும் பிள்ளைகளே, அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால் வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டும்தான். பூட்டு உள்ளதை வீட்டிலோ வேலையிடத்திலோ வையுங்கள்.

உங்களில் எலக்ட்ரீசியன், விவசாயி, கூரியர் வேலை என்று தினமும் கத்தி பிடிப்பவர்கள் இன்றே உங்கள் கத்தியில் மேலே சொன்ன முதல் மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். தேறியதா இல்லையா என்று கீழே எழுதுங்கள். தேறாததைத் தூக்கிப் போட மனம் வராவிட்டால், பிடிக்குள் அலகை மடக்கி டேப் சுற்றி அலமாரியில் வையுங்கள், வேலைக்கு எடுக்காதீர்கள். நம் வயரிங் தம்பி போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். விரலை முழுதாக மடக்க இன்னும் முடியவில்லை. அவரை அழைத்து விசாரியுங்கள். வீட்டில் வயரிங் வேலை இருந்தால் கொடுங்கள்.