அந்தப் பெண்ணின் பெயரை ஏன் அடித்தீர்கள்?

அந்தமானில், அபர்தீன் பஜாரிலும் ஜங்கிலிகாட்டிலும் டெய்ரி ஃபார்மிலும் இருக்கிற பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமாருக்கும், என்னோடு படித்தவர்களுக்கும் லெஸ்டரிலிருந்து வணக்கம்.

ஊருக்கு வந்திருந்தபோது பல வீடுகளில் சாப்பிட்டேன். சாப்பிட்ட வீட்டில் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே வந்த பிறகும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாணவர் பாராட்டு விழாவைப் பற்றித்தான். எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தவர்களைக் கூப்பிட்டீர்கள், சரி. இன்ஜினீயரிங் போனவர்கள், செக்ரட்டேரியட்டில் வேலை கிடைத்தவர்கள், அதுவும் சரி. விழாவுக்குப் பணம் கொடுத்தவருக்கும், ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவருக்கும், கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கும் கூடப் பொன்னாடை போட்டீர்கள். ஆனால் சென்னையில் அப்ரெண்டிஸ் பயிற்சியோடு பி.பி.ஏ. படிக்கிற அந்தத் தங்கச்சியின் பெயர் மட்டும் பட்டியலில் பேனாவால் அடிபட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது அப்ரெண்டிஸ்தானே தம்பி. படிப்புலயும் சேராது, வேலையிலயும் சேராது. பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் மூன்றாவது வரிசையில் பட்டுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னை வரைக்கும் விமானத்தில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து லண்டன் வரைக்கும் இதுதான். "அந்தப் பொன்னாடைத் துண்டை விடவே மாட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். விட மாட்டேன். அந்தப் பட்டியலில் அடிபட்டது என் பெயரும்தான்.

நான் இங்கே என்ன படித்தேன் என்று உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் "கடையில வேலை பாக்கிறான்" என்பீர்கள். மனைவி நர்ஸ் வேலைக்கு வந்தாள், நான் அவளோடு வந்தேன். ஒரு பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனியின் குடோனில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கினேன். சில வருடம் கழித்து அதே கம்பெனி என்னைப் பட்டப்படிப்பு அப்ரெண்டிஸாக எடுத்தது. சார்ட்டர்ட் மேனேஜர் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்று பெயர். வேலையும் வணிக நிர்வாகப் பட்டமும் சேர்ந்து வரும். வழக்கமாக நாலு வருடப் படிப்பு. படிக்கிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இங்கே விதி. சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் கம்பெனிகளிடம் 2017 ஏப்ரல் முதல் அரசு அரை சதவீதம் வரி பிடிக்கிறது. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். வாரத்துக்குச் சராசரி ஆறு மணி நேரமாவது வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்கு விட வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. நான் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு என் மேனேஜர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சில மாதத்துக்கு ஒரு தடவை மேனேஜர், பல்கலைக்கழக ஆள், நான் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். கடைசி வருடம் கம்பெனியின் உண்மையான ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்த்துக் காட்ட வேண்டும். நான் எடுத்தது, லாரி தாமதமானால் பிரெட்டும் பாலும் எவ்வளவு வீணாகிறது என்பதை.

முதல் வருடம் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாக்கியது. ஒருவர் சில்லறைக் கடை, ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் ஆலை. ஆர்டர் போட்ட சரக்கு சில வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். வாடிக்கையாளர் ஒரே ஒரு தடவை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் போதும், எல்லாரும் பதறி ஆர்டரை ஏற்றுவார்கள். அப்புறம் சரக்கு மலை மாதிரி வந்து குவியும். மற்ற எல்லா மேஜையிலும் அப்படித்தான் நடந்தது. எங்கள் மேஜையில் நான்தான் சில்லறைக் கடை. நான் பதறவில்லை. கப்பல் வராத வாரத்தில் அவசரப்பட்டு இரட்டிப்பாக ஆர்டர் போடுகிறவன் அடுத்த மாதம் அழுகின வெங்காயத்தை அள்ளிக் கொட்டுவான் என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். இதை எங்கே கற்றாய் என்று பேராசிரியர் கேட்டார். அபர்தீன் பஜாரில் என்றேன். ஹடோ ஜெட்டிக்குச் சென்னைக் கப்பல் எப்போது வரும் என்ற கணக்கை வைத்தே உருளைக்கிழங்கு இருப்பு வைக்கிற உங்கள் புத்தியைத்தான் என் முதல் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன்.

இந்த அறிவு உங்களிடம் இருக்கிறது. நம் ஊர் ஜே.என்.ஆர்.எம். கல்லூரி 1967-லிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை. கடையில் நிற்கிற பையனுக்குச் சான்றிதழ் கிடையாது, கல்லூரியில் படிக்கிற பையனுக்குக் கல்லாப்பெட்டி தெரியாது. அந்தத் தங்கச்சி படிப்பது அந்தப் பாலத்தைத்தான். யு.ஜி.சி. 2025-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி மூன்று வருடப் பட்டப்படிப்பில் ஒரு செமஸ்டரிலிருந்து மூன்று செமஸ்டர் வரை அப்ரெண்டிஸ் பயிற்சியே படிப்பின் பகுதி. அதற்கு மதிப்பெண் உண்டு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. "படிப்புலயும் சேராது" என்று சொன்ன அந்தப் பெரியவர் இதைப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரி என்பீர்கள். நமக்கு வடக்கே, கடலைத் தாண்டினால் பர்மா. அங்கே வட்டிக்கடை வைத்த நகரத்தார் பையன்களை எப்படி வளர்த்தார்கள்? பெட்டியடிப் பையனாகச் சேர்த்தார்கள். அவன் கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி ஒரு கடையையே தனியாக நடத்தினான். ஜெர்மனியில் டெய்ம்லர் பென்ஸ், பாஷ் உள்ளிட்ட கம்பெனிகள் சேர்ந்து ஸ்டுட்கார்ட்டில் கம்பெனியையும் கல்லூரியையும் இணைத்த படிப்பு 1974-ல் அரசுக் கல்வி நிலையமாக ஆனது. அதற்கு வெகு காலம் முன்பே நம் ஆட்கள் செய்த வேலை இது. பட்டம் மட்டும்தான் கொடுக்கவில்லை.

சரி, உங்கள் பயமும் எனக்குத் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் உண்டு. 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி அப்ரெண்டிஸ் தொழிலாளி இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. ஒரு வருடம் பில் போட வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நம் தீவில் டி.ஆர்.எம். என்ற தினக்கூலி ஆளாகச் சேர்ந்து, ரெகுலர் ஆகும் ஆகும் என்று தலை நரைக்கும் வரை காத்திருந்தவர்கள் எத்தனை வீட்டில் இல்லை? அவர்கள் கையில் என்ன சான்றிதழ் இருந்தது? அந்தக் காத்திருப்பை மதிக்கிறோம், அதற்குப் பெண்ணும் கொடுக்கிறோம். மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரப்போகிறவளின் பெயரை அடிக்கிறோம்.

"நீ போயிட்ட, உனக்கென்ன, பேசுவ" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மழை ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆட்டோ பிடித்து ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீங்கள். நான் போனில் "ஆக்சிஜன் எவ்வளவு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் டிகிரி அந்த ராத்திரியில் யாருக்கும் உதவவில்லை. அந்தக் கடனை நான் அடைக்கப் போவதில்லை, அடைக்கவும் முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் படித்த மாதிரி ஒரு படிப்பு நம் தீவிலேயே இருந்திருந்தால், அந்த ஆட்டோவில் நான் இருந்திருப்பேன். உங்களிடம் கோபப்படுவதற்கு எனக்கு இருக்கிற ஒரே உரிமை அதுதான்.

அதனால் கேட்கிறேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் எதுவானாலும், மொத்த ஆள்பலத்தில் இரண்டரை சதவீதமாவது அப்ரெண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 15 சதவீதம் வரை எடுக்கலாம். நான்கு பேர் இருக்கிற கடை கூட விரும்பினால் எடுக்கலாம். மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கும். நம் ஆட்களில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கப்பல் ஏஜென்சி, கட்டட கான்ட்ராக்ட், மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு சாயங்காலம் கூடி, யார் யார் எத்தனை பேரை எடுக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு கல்லூரி முதல்வரைப் போய்ப் பாருங்கள். வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் போதும், அங்கிருந்து தொடங்கட்டும். பயிற்சித் திட்டம் எழுதுவது, மாணவரை மதிப்பிடுவது, பதிவேடு வைப்பது எல்லாம் நான் செய்து பழகியவை. ஞாயிறுதோறும் உங்கள் சாயங்காலத்தில், எனக்கு அது மத்தியானம், போனில் உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். காசு வேண்டாம்.

அதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். அவள் லீவு முடிந்து சென்னைக்குக் கிளம்புவதற்குள் போங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். என்ன படிக்கிறாய், எந்த செக்ஷனில் நிற்கிறாய், ஸ்டாக் கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர்களாகிய உங்களுக்கே அவளிடம் கேட்க நிறைய இருக்கும்.

பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் உங்கள் பக்கம் பேசுவார். எனக்கே எழுதுங்கள், திட்டுவதானாலும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
லெஸ்டரிலிருந்து