நாம் வெட்டிய பாதையில் நாமும் நடப்போம்

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். 300 கிலோமீற்றருக்கும் மேலான நீளம். 22 கட்டங்கள். கலஹா, லூல்கந்துரை, தவலந்தென்னை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, அப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி வளைத்துப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிறுவனமும் இதற்கு உதவி வழங்கின. முதுகில் பையும் கையில் தடியுமாக வெளிநாட்டவர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நம் லயங்களின் ஓரமாக நடந்து போவதைப் பல தோட்டங்களில் நம்மவர்கள் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பாதையில் புதிதாக வெட்டியது மிகவும் சொற்பம். பெரும்பகுதி தோட்டத்துப் பழைய பாதைகள்தான். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் மூட்டை சுமக்கவும், கொழுந்து கொண்டுபோகவும், ஸ்டோருக்கும் மடுவத்துக்கும் போய்வரவும் நம் முன்னோர்கள் மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டிய பாதைகள். கல் அடுக்கிய அணைகளும், மழைத்தண்ணீர் ஓடக் கீறிய கான்களும் அவர்கள் கைவேலை. உலகம் வந்து ரசித்து நடக்கிற பாதை அது. ஆனால் அந்தப் பாதையில் வேலைக்காக அல்லாமல், நமக்காக, நம் பிள்ளைகளோடு நாம் நடந்தது எத்தனை நாள்?

"கிழமையில் ஆறு நாள் மலை ஏறி இறங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமையும் மலையா?" என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலில் அட்டை, பின்னால் அதட்டல் என்று நடக்கிறவருக்கு நடை ஓய்வாகாது. விடுமுறை நாளிலும் துணி துவைக்க, விறகு தேட, ரேஷன் வாங்க என்று அவர்கள் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆகவே இந்த அழைப்பை முதலில் வீட்டு ஆண்களுக்குச் சொல்கிறோம். ஒரு போயா தினத்தில் சமையலையும் துவையலையும் நீங்கள் பகிர்ந்துகொண்டால்தான், அந்த வீட்டுப் பெண் கூடையில்லாமல் ஒரு முறை மலை ஏறிப் பார்க்க முடியும்.

பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. தரம் பத்து, பதினொன்று முடித்ததும் கொழும்புக்குக் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிற நம் பிள்ளைகளில் பலர், பக்கத்து டிவிசனுக்கு அப்பால் உள்ள மலையின் பெயரைக்கூட அறியாதவர்கள். தோட்டம் என்றால் கஷ்டம் என்று மட்டும் அவர்கள் கற்றிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் அந்தக் கஷ்டத்தால் இங்கே என்ன உருவானது என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் சரித்திரமே நடையில் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023இல் நம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், அந்தப் பெயரில்லாத மனிதர்களுக்காகவே நடந்தார்கள். தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மதகுருமாரும் இளைஞர்களும் சேர்ந்து நடந்த அந்த நடை, மாத்தளையோடு முடிந்துவிடக்கூடாது. மாத்தளைக்கு அப்பால் உள்ள மலைகள் முழுவதும் அதே கதைதான்.

லூல்கந்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அவர் இருந்த குடிசையின் புகைபோக்கியும், அவர் உட்கார்ந்த கல் ஆசனமும் இன்றும் காட்டப்படுகின்றன. 1892இல் அவர் இறந்தபோது, தோட்டத் தொழிலாளர்களே அவரது உடலை மாறி மாறித் தோளில் சுமந்து கண்டி மஹியாவை மயானம் வரை கொண்டுபோனார்கள். கல்லறையில் டெய்லரின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறவர்கள், டெய்லரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிக் குழி தோண்டிய கைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்குச் சில யோசனைகள். கண்டிப் பக்கத்தார் ஹந்தானைக்குப் போகலாம். பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நூதனசாலை இருக்கிறது. நம் பாட்டன்மார் உருட்டிய இயந்திரங்களை அங்கே பிள்ளைகள் பார்க்கலாம். ஊவாப் பக்கத்தார் அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்கு பஸ்ஸில் போய், 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டனின் பெயரில் உள்ள லிப்டன் சீட் வரை தேயிலை மலைக்குள்ளால் நடக்கலாம். சுமார் ஏழு கிலோமீற்றர், நல்ல வழி. வயதானவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். காலையிலேயே போய்ச் சேர வேண்டும், பிந்தினால் பனிமூட்டம் மறைத்துவிடும். தெமோதரையிலும் எல்லயிலும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். படம் எடுக்கவும் நிற்காதீர்கள். 22 கட்டங்களையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கட்டத்தில் பாதி, அதுவும் உங்கள் தோட்டத்துக்கு அருகே உள்ள பாதி, சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்குப் போதும்.

பாதுகாப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், தெரிந்ததை மறக்காமல் இருப்பது நல்லது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கையில் இருக்கட்டும். குளவிக் கூடு உள்ள மரத்தடியில் சத்தம் போடவும் கல் எறியவும் பிள்ளைகளை விடாதீர்கள். குளவி கொட்டி நாம் இழந்த உயிர்கள் போதும். அந்தி நேரத்தில் சிறுத்தை நடமாடும் காட்டோரங்களைத் தவிர்த்துவிடுங்கள். மருந்து அடித்த மலையில் பழமோ கீரையோ பறித்துக் கொடுக்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் எந்த நடையும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி, சங்கம் இதைப் பற்றி ஏன் எழுதுகிறது என்ற விசயத்துக்கு வருவோம்.

பயணி வருகிறான், பணம் வருகிறது. அந்தப் பணம் எங்கே இறங்குகிறது? பழைய துரை பங்களாக்கள் ஹோட்டல்களாகியுள்ளன. ஓர் இரவுக்கு அங்கே வாங்குகிற தொகையை நம் தொழிலாளி எத்தனை நாள் பேர் போட்டால் எடுக்க முடியும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்களாவுக்கு ஐந்நூறு அடி கீழே, நூறு வருடத்து லயத்தில், ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுத்திருக்கிறார்கள். பயணி நடக்கிற பாதை அந்த இரண்டுக்கும் நடுவால் போகிறது.

நம் குடும்பங்கள் இந்த வருமானத்தில் பங்கெடுக்க முடியாதா? முடியும். நம் வீட்டு ரொட்டியும் சம்பலும், சாயத் தேத்தண்ணியும் எந்த ஹோட்டலுக்கும் குறைந்ததில்லை. ஆனால் வீடும் நிலமும் நம் பெயரில் இல்லை. காணி உறுதி இல்லாதவர் விருந்தினரை வைத்து ஓர் அறை வாடகைக்கு விடுவது எப்படி? வங்கியில் கடன் எடுப்பது எப்படி? பாதையோரத்தில் ஒரு பெட்டிக்கடை போடவும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது, காணி குத்தகைக்குப் போனது, நாம் காணியில்லாமல் நின்றோம். காணி உரிமை என்ற நம் பழைய கோரிக்கைக்கு இந்த நடைபாதை இன்னொரு காரணத்தைக் கொடுத்திருக்கிறது.

ஆகவே அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் சுற்றுலாத்துறையிடமும் நாம் கேட்பவை இவை.

முதலாவது, காணியும் வீடும் உறுதியோடு எமக்கு வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்புதான்.

இரண்டாவது, வழிகாட்டி வேலை தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். மலையின் ஒவ்வொரு குறுக்குவழியும் தெரிந்தவர்கள் அவர்கள். ஆங்கிலப் பயிற்சியும், முதலுதவிப் பயிற்சியும், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமும் கொடுத்தால், ஓ.எல். முடித்த பிள்ளை கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. இதில் பெண் பிள்ளைகளுக்கும் சரிபாதி இடம் வேண்டும்.

மூன்றாவது, கழிப்பறை. பயணிகளுக்காகப் பாதையோரத்தில் கழிப்பறை கட்டுவதை நாம் வரவேற்கிறோம். அதே மலையில் காலை முதல் மாலை வரை கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. கட்டுகிற கழிப்பறையின் சாவி அவளுக்கும் கிடைக்க வேண்டும். அவள் வேலை செய்கிற மலைக்கு ஒன்று தனியாகவும் வேண்டும்.

நான்காவது, பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்க வேண்டும். துரைமாரின் பெயரும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் எழுதுகிற பலகையில், நம் மக்கள் அந்த மலைக்கு வைத்த பெயரையும் எழுதுங்கள். காமன் கூத்து நடக்கிற இடமும், ரோதமுனியும், மாடசாமியும், போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களின் நினைவும் இந்த மலைகளின் சரித்திரந்தான்.

ஐந்தாவது, மரியாதை. கொழுந்து பறிக்கிற பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. இஸ்தோப்பில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் காட்சிப்பொருள் அல்ல. லயத்துக்குள் நுழைய வேண்டுமானால் அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். இதை ஒவ்வொரு வழிகாட்டிக்கும் எழுதிக் கொடுக்கும்படி கேட்கிறோம்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. பயணியைக் கண்டதும் டொபியும் காசும் பேனையும் கேட்டு ஓடுகிற பழக்கம் சில தோட்டங்களில் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். ஐம்பது ரூபாய்க்காகப் பாடசாலையை விட்டுப் பாதையில் நிற்கிற பிள்ளை, நாளை நிரந்தரமாகப் பாதையில் நிற்கும். நாம் நடக்கப் போகிறபோதும் ஷொப்பிங் பையையும் போத்தலையும் பீலியில் வீசிவிட்டு வரக்கூடாது. அந்தத் தண்ணீர்தான் கீழ் லயத்துக்குக் குடிநீர்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் அணித் தோழிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போயா தினத்தில் உங்கள் தோட்டத்து குடும்பங்களைச் சேர்த்து ஒரு நடை ஒழுங்கு செய்யுங்கள். பெரிய செலவு வேண்டாம். ரொட்டியும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் மூத்த ஒரு தாத்தாவையோ அம்மாயியையோ முன்னால் விடுங்கள். எந்தப் பாதையை யார் வெட்டினார்கள், எந்த லயம் எப்போது எரிந்தது, எந்த இடத்தில் வேலைநிறுத்தக் கூட்டம் நடந்தது என்று அவர்கள் சொல்லட்டும். கூடப் போகிற பாடசாலைப் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதட்டும். எழுதியதை நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம். பாதையோரப் பலகையில் என்ன எழுதுவது என்று நாளைக்கு அதிகாரிகள் கேட்டால், கொடுப்பதற்கு நம் கையில் அந்தக் கொப்பிகள் இருக்க வேண்டும்.