290 டாலரா? 480 டாலரா?

நியூஜெர்சியில வீடு வாங்கலாம்னு ஆறு மாசமா நானும் தங்கமணியும் சனி, ஞாயிறு ஆனா காண்டோ காண்டோவா ஏறி இறங்கறோம். கடைசியா ரெண்டு தேறிச்சு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அசோசியேஷன் மாசக் கட்டணம்தான் வித்தியாசம். ஒண்ணுல 290 டாலர், இன்னொண்ணுல 480.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"ன்னு தங்கமணி தீர்ப்பு சொல்லியாச்சு. நானும் தலையாட்டிட்டேன் (வேற வழி?). ஆனா ஆணி கம்மியா இருந்த ஒரு நாள் ரெண்டு அசோசியேஷன் கணக்கையும் வாங்கிப் படிச்சேன். கட்சி மாறிட்டேன்.

இந்தக் கட்டணத்துல ரெண்டு பங்கு இருக்கு. பனி அள்ளறது, குப்பை, லிஃப்ட், பொது கரண்ட், கட்டடத்துக்கான இன்ஷூரன்ஸ் எல்லாம் அன்றாடச் செலவு. இன்னொண்ணு ரிசர்வ். நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி, பின்னாடி வரப்போற பெரிய செலவுக்கு இப்பவே சேர்க்கறது. (வீட்டுக்குள்ள இருக்கற சாமானுக்கு இன்ஷூரன்ஸ், சொத்து வரி, பேங்க் கடன் எல்லாம் தனி. கடன் முடிஞ்சாலும் இந்தக் கட்டணம் முடியாது!)

கூரை மாத்த 4 லட்சம் டாலர், வீடு 100-ன்னு வைங்க. தலைக்கு 4,000. இருபது வருஷம் சேர்த்தா மாசம் 17 டாலர்கூட ஆகாது. சேர்க்கலைன்னா, கூரை ஒழுகற அன்னைக்கு யார் வீட்டுக்காரரோ அவர் தலையில 4,000-மும் விழும். அதுக்குப் பேர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். அந்த 290 டாலர் கட்டடத்துல கூரைக்கு வயசு இருபது, ரிசர்வ்ல இருந்தது வீட்டுக்கு 300 டாலர்!

பணத்தோட போனா பரவாயில்லை. ஃப்ளோரிடா சர்ஃப்சைடுல 12 மாடி காண்டோ. கான்கிரீட் மோசமா இருக்குன்னு 2018-லயே இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். செலவைப் பத்தி வருஷக்கணக்கா இழுபறி. கடைசியில 2021 ஏப்ரல்ல ஒன்றரை கோடி டாலர் அசெஸ்மென்ட் போட்டாங்க. குறைஞ்ச பங்கே 80,000 டாலர். வேலை முடியறதுக்குள்ள, ஜூன் 24 ராத்திரி கட்டடம் இடிஞ்சு 98 பேர் போயிட்டாங்க. கட்டணம் மட்டுமே காரணம்னு சொல்ல வரலை. ஆனா செலவைத் தள்ளிப் போட்டா அது வளரும்ங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம். ரிசர்வை ஓட்டுப் போட்டுத் தட்டிக் கழிக்கறதுக்கு அந்த மாநிலம் 2022-ல் சட்டம் போட்டுத்தான் கடிவாளம் மாட்டுச்சு.

அதனால மக்களே, கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. ரிசர்வ்ல எவ்வளவு இருக்கு, கூரைக்கும் லிஃப்டுக்கும் என்ன வயசு, அசெஸ்மென்ட் எதாச்சும் பேச்சுல இருக்கான்னு கேளுங்க. அதிகக் கட்டணம்னா ஒழுங்கான நிர்வாகம்னும் அர்த்தமில்லை, அங்கயும் கணக்கைப் பாருங்க. குறைஞ்ச கட்டணம் பல சமயம் சேமிப்பு இல்லை. முன்னாடி இருந்தவர் கட்டாம விட்ட பாக்கி.

நாங்க 480-க்குத்தான் போறோம். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை. இன்னைக்கு ராத்திரி சொல்லணும், வேண்டிக்கோங்க :-)