பின் லைற் யாருக்காக எரியுது?

2025 ஜனவரியில 'கிளீன் ஸ்ரீலங்கா' எண்டு சொல்லிக்கொண்டு பொலிஸ் றோட்டில இறங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பஸ், ஓட்டோ, கெப் எண்டு பார்க்காமல் மேலதிக லைற், ஹோர்ன், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தனியார் பஸ் சங்கங்கள் எதிர்த்தன. ஊரில கதை ரெண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், "பொடியளின்ர ஆசையில ஏன் கை வைக்கிறாங்கள்?" மற்றப் பக்கம், "உந்தக் கலர் லைற்காரர் எல்லாரையும் பிடிச்சு உள்ள போடோணும்."

இந்த ரெண்டு பக்கத்தோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ரெண்டு பேருமே லைற்றை அலங்காரமாகத்தான் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அந்த அலங்காரம் பிடிக்கிறது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கெப் வாகனங்களுக்கு வெளியில வாங்கிப் பூட்டுகிற எல்ஈடி பின் லைற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்தச் சண்டையில யாரும் கேட்காத கேள்வி அதிலதான் இருக்கிறது.

முதலில், லைற் மாற்றுகிறவர்களை நக்கலடிக்கிறவர்களுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து வருசம், இருந்த வாகனங்களைத்தான் உருட்டினோம். பழைய ஹைலக்ஸ், எல்200, பொலேரோ, பட்டா எல்லாம் மரக்கறியும் மீனும் சீமெந்தும் ஏத்திக்கொண்டு ஓடின. பின் கண்ணாடி வெடிக்கும், உள்ளே தண்ணி போகும், ஹோல்டர் துருப்பிடிக்கும். ஒறிஜினல் லைற்றின் விலையைக் கேட்டால் தலை சுத்தும். பஞ்சிகாவத்தையிலிருந்து வருகிற எல்ஈடி செற் அதைவிட மலிவு, பார்க்கவும் வடிவு. அதை வாங்கினவனை 'ஷோக்குக்காரன்' எண்டு சொல்லுறது, காசு உள்ளவன் இல்லாதவனைப் பார்த்துச் சொல்லுற பழைய கதைதான்.

எல்ஈடி எண்டதும் பிழையான சாமான் இல்லை. பழைய பல்புக்குள்ளே இருக்கிற இழை சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். எல்ஈடி உடனே எரியும். பின்னால் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் அந்தச் சின்ன நேரத்துக்குள்ளே மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடுவார். அதாவது, உங்கட பிறேக் லைற் எல்ஈடியாக இருந்தால் அவருக்கு அந்த மூன்று மீற்றர் மிச்சம். குண்டும் குழியுமான றோட்டில இழை அறுந்து போகிற பிரச்சினையும் இல்லை. 21 வாற் பல்பு செய்கிற வேலையை எல்ஈடி சில வாற்றிலேயே செய்யும். நல்ல எல்ஈடி பின் லைற் ஓர் உயிரைக் காப்பாற்றும். இதைத் தெரியாமல் 'எல்லாத்தையும் கழற்று' எண்டு சொல்லுறது மடைத்தனம்.

ஆனால் கடையில் எல்ஈடி எண்ட பேரில் விக்கிறது எல்லாம் அந்த நல்ல சாமான் இல்லை. இனி ஆசைக்காரருக்குச் சொல்லுறம், கோவிக்கக் கூடாது.

கறுப்புப் புகைக் கண்ணாடி போட்ட லைற்றை எடுங்கள். பகலில் வடிவுதான். ஆனால் பிறேக் லைற்றின் வேலை பகலிலும் இருக்கிறது. உச்சி வெயிலில், கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் வருகிற மங்கல் சிவப்பைப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் எப்படிக் காண்பார்? அடுத்தது, பிறேக் அடித்தால் பட படவெண்டு மின்னுகிற லைற். ஐரோப்பிய விதிகளில் மின்னுகிற பிறேக் லைற்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் 50 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் கடுமையாகப் பிறேக் அடிக்கும்போது மட்டும்தான். சந்தையடியில் மெல்ல நிக்கும்போதும் மின்னினால், உண்மையில் ஆபத்து வருகிற நேரம் அந்த மின்னலுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. பின்பக்கம் வெள்ளை லைற் பூட்டுறது இன்னும் மோசம். பின்பக்க வெள்ளை எண்டால் வாகனம் றிவேர்ஸ் வருது எண்டு அர்த்தம். இருட்டில், முன்னால் போகிற வாகனம் எதிரே வருகிற வாகனமாகத் தெரியும்.

அடுத்தது கன பேர் கவனிக்காத விசயம். இரவில் எரிகிற பின் லைற்றுக்கும் பிறேக் லைற்றுக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவேண்டும். பழைய ரெட்டை இழை பல்பில் ஒன்று 5 வாற், மற்றது 21 வாற். அந்த வித்தியாசம்தான் 'நான் நிக்கப் போறன்' எண்ட செய்தி. மலிவு எல்ஈடி செற்றுகள் பலவற்றில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் எரியும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிறேக் அடித்ததே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம், லைற்றில் இல்லாத ஒரு பகுதி. ஒறிஜினல் பின் லைற்றின் கண்ணாடியில், அல்லது பம்பரில், சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியுமே, அதுதான் றிஃப்ளெக்டர். அதுக்குக் கறண்ட் தேவையில்லை. பற்றறி இறங்கினாலும், வயர் அறுந்தாலும், வாகனம் பழுதாகி லைற் நூர்ந்து றோட்டோரம் நிண்டாலும், பின்னால் வருகிறவரின் வெளிச்சத்தை வாங்கி அவருக்கே திருப்பிக் காட்டும். வெளியில விக்கிற செற்றுகள் பலவற்றில் இது இல்லை. பூநகரிப் பக்கம் ஏ32 றோட்டையும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 றோட்டையும் இரவில் நினைச்சுப் பாருங்கள். ரெண்டு பக்கமும் வெட்டை, தெருவிளக்கு இல்லாத நீளமான துண்டுகள். அங்கே றிஃப்ளெக்டர் இல்லாமல் நிக்கிற கெப், இருட்டோடு இருட்டாக நிக்கிற ஒரு சுவர்.

பிறகு வயரிங். எல்ஈடி குறைந்த கறண்ட் இழுப்பதால், பழைய பிளாஷர் றிலே 'பல்பு போட்டுது' எண்டு நினைச்சு சிக்னலைக் கெதியாக அடிக்கும். நிமிசத்துக்கு 60 தொடக்கம் 120 தடவை எண்டதுதான் சர்வதேச அளவு. எல்ஈடி பூட்டினதும் அது அதையெல்லாம் தாண்டிப் பறக்கும். இதுக்குச் சரியான வழி, எல்ஈடிக்கு எண்டு வருகிற றிலேயை மாற்றுவது. கன இடத்தில் செய்யிறது, 6 ஓம் றெசிஸ்ரர் ஒண்டைக் குறுக்கே போட்டு விடுவது. 12 வோல்ற்றில் அது 24 வாற்றைச் சும்மா சூடாக்கி எறியும். எல்ஈடியால் மிச்சம் பிடிச்ச கறண்ட் முழுக்க அங்கே போய்விடும். அதைத் தகட்டில் இறுக்காமல் பிளாஸ்ரிக்கோடும் வயரோடும் சேர்த்து ரேப் சுத்திவிட்டால், உருகும். எர்த் வயரைத் துருப்பிடிச்ச ஆணியில் கட்டினால் பிறேக் அடிக்க சிக்னலும் சேர்ந்து மினுங்கும். கடற்கரைப் பக்கம் ஓடுகிற மீன் வாகனங்களில் உப்புத் தண்ணி இந்த வேலையைச் சில மாசத்திலேயே முடித்துவிடும்.

"என்ர வாகனம், என்ர காசு, உங்களுக்கென்ன?" எண்டு கேட்பவர்களுக்கு எங்கட பதில் இதுதான். சீற் கவர் உங்கட விருப்பம். பாட்டுப் பெட்டி, அது அயலவரைக் குழப்பாதவரை, உங்கட விருப்பம். பின் லைற் அப்படியில்லை. வாகனத்தில் ஓடுகிறவர் ஓடும்போது ஒருநாளும் காணாத சாமான் அது. அதைப் பார்க்கிறது முழுக்கப் பின்னால் வருகிற ஆள். ரியூசன் முடிஞ்சு ஸ்கூட்டியில் வருகிற பிள்ளை, வேலை முடிஞ்சு சைக்கிளில் வருகிற ஐயா, பிள்ளையை முன்னுக்கு இருத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிற அம்மா. காசு உங்களுடையது, செய்தி அவர்களுக்குப் போகிறது. அந்தச் செய்தியைக் குழப்ப உங்களுக்கு உரிமை இல்லை.

இப்ப அரசாங்கத்துக்கு வருவம். இந்த நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் சாகிறார்கள். அப்படியிருக்க, பொலிஸ் பிடிக்கிறது கண்ணுக்குப் பளிச்செண்டு தெரிகிற நீல லைற்றை. தெரியாத லைற்றை யார் பிடிக்கிறார்கள்? அறுவடைக் காலத்தில் நெல் ஏத்திக்கொண்டு பின் லைற்றே இல்லாத பெட்டியோடு போகிற உழவு இயந்திரம், ஒரு பக்க லைற் மட்டும் எரிகிற லொறி, இவைதான் எங்கட றோட்டில் ஆளைக் கொல்லக்கூடியவை. மேலதிகமாக இருக்கிற லைற்றைப் பிடிக்கிறது சுகம், இல்லாத லைற்றைத் தேடிப் பிடிக்க மினக்கெட வேணும்.

வருசா வருசம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முதல் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். காசு கட்டி, வரிசையில் நிண்டு, புகையைக் காட்டிவிட்டு வருகிறோம். அதே இடத்தில் பிறேக்கை ஒருக்கா அழுத்திப் பார்க்க, சிக்னலை ஒருக்கா போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ரெண்டு நிமிசம். அதைச் செய்யாமல், றோட்டில் மறிச்சு, கண் அளவில் தீர்ப்புச் சொல்லி, தண்டம் எழுதுகிறார்கள். வடக்கு கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு றோட்டில் மறிக்கிறது எண்டால் என்னெண்டு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எது சரி, எது பிழை எண்டு முன்கூட்டியே எழுதி வைக்காமல் மறிச்சால், அது பாதுகாப்பாக யாருக்கும் தெரியாது. இன்னொரு மறிப்பாகத்தான் தெரியும். மறிக்கிறவர் போனதும் லைற் திரும்ப ஏறும்.

இந்தச் சாமான்கள் வானத்தால் விழவில்லை. துறைமுகத்தால் வந்தவை. சுங்கம் வரி எடுத்து உள்ளே விட்ட லைற்றை, கடைக்காரர் பகிரங்கமாக வித்த லைற்றை, கடைசியில் வாங்கிப் பூட்டினவனிடம் மட்டும் கேள்வி கேட்கிறது என்ன நியாயம்? தரமில்லாத லைற்றைத் துறைமுகத்தில் மறியுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எந்த லைற் பூட்டலாம், எது கூடாது எண்டதைப் படத்தோடு மூன்று மொழியிலும் போடட்டும். பிறகு தண்டம் எழுதினால் நாங்களே கை தட்டுவம்.

அதுவரைக்கும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. செற் வாங்கேக்க கண்ணாடியில், வட்டத்துக்குள்ளே ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருக்கா எண்டு பாருங்கள். அது ஐ.நா. வாகன விதிகளின்படி அங்கீகாரம் பெற்றதற்கான குறி. போலியும் வரலாம், அதனால் குறியோடு நிக்காமல் எரியவிட்டும் பாருங்கள். பல்பு மட்டும் மாற்றுவதெண்டால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்ஈடி, மஞ்சளுக்கு மஞ்சள். வெள்ளை எல்ஈடி போட்டால் அதின்ர வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சிவப்புக் கண்ணாடி விழுங்கிவிடும். வயரிங் செய்கிற அண்ணையிடம் றெசிஸ்ரர் வேண்டாம், றிலே மாத்துங்கோ எண்டு சொல்லுங்கோ. மூட்டுகளை ஈயம் பிடிச்சு மூடச் சொல்லுங்கோ. செற்றில் றிஃப்ளெக்டர் இல்லையெண்டால் தனியாக ரெண்டு வாங்கிப் பம்பரில் ஒட்டுங்கோ. அதுக்குப் பெரிய செலவில்லை.

வேலை முடிஞ்சதும், பகலில் ஒருக்கா, இரவில் ஒருக்கா, கூட்டாளி ஒருவரை சீற்றில் இருத்திவிட்டு ஐம்பது அடி பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். லைற்றைப் போடச் சொல்லி, பிறேக்கை மிதிக்கச் சொல்லி, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா எண்டு பாருங்கள். பிறேக்கோடு சிக்னலும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கடைசியாக எல்லாவற்றையும் நூர்த்துவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் ரோச்சைப் பிடிச்சு அடிச்சுப் பாருங்கள். அப்பவும் சிவப்பாக ரெண்டு புள்ளி தெரிந்தால், உங்கட கெப் றோட்டுக்கு ஏறலாம். தெரியாவிட்டால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் அந்த லைற்றைக் கழற்றுங்கள். பொலிஸ் சொல்லும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.