வைக்கோல் லாரியும் பன்னிரண்டு அடியும்

போன வாரம் எங்க ஊர் ரயில்வே சுரங்கப்பாதையில ஒரு வைக்கோல் லாரி மாட்டிக்கிச்சு. பக்கத்துல நின்ன பையன் வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ராத்திரிக்குள்ள அது சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகன் வரைக்கும் போயிருக்கு. "மாமா, அவ்வளவு பெரிய போர்டு இருக்கே, டிரைவருக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு கேட்டான். அவனுக்குப் போன்ல சொன்ன பதில் ரொம்ப நீண்டுபோச்சு. அதான் இங்கே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த லாரியில இருந்தது என் வயல் வைக்கோல்.

எங்க ஊர் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வேடசந்தூர் பக்கத்து மாட்டுக்காரர் ஒருத்தர் வைக்கோலுக்கு விலை பேசி லாரி அனுப்பியிருந்தார். காலையில வெறும் வண்டியா அதே பாதையில, எங்கேயும் உரசாம வந்து சேர்ந்தது. சாயங்காலம் லோடோட திரும்பும்போது இடிச்சிடுச்சு. வந்த வழியிலேயே போறோம்கிற தைரியம் டிரைவருக்கு. தப்புன்னு சொல்ல முடியுமா? காலையில அதே போர்டைப் பார்த்துட்டுத்தானே வந்தார். அப்போ அந்த எண் அவருக்குத் தேவைப்படலை.

கட்டைச் சுவரும் கூண்டும் உள்ள வண்டிக்கு உயரம் மாறாது. வைக்கோல் அப்படி இல்லை. நாலு பேர் மேல நின்னு மிதிச்சுக் கயிறு போடும்போது ஒரு உயரம், ரெண்டு கிலோமீட்டர் குலுங்கின பிறகு ஒரு உயரம். லாரிக்குள்ள இதைக் காட்டுற மானி எதுவும் கிடையாது. போர்டுல இருக்கிறது 3.6 மீட்டர். களத்துல யாரும் மீட்டர்ல பேசுறதில்லை, அடிதான். 3.6 மீட்டர்னா பன்னிரண்டு அடிக்கு ரெண்டு அங்குலம் குறைச்சல். இந்தக் கணக்கை லாரியை ஓட்டிக்கிட்டே, எதிர்ல டூவீலர் வரும்போது போடணும்.

பாலத்துக்கு முன்னாடி நிக்கிற இரும்புச் சட்டத்தை நான் குறை சொல்லலை. அது அடி வாங்கத்தான் நிக்குது. லாரி நேரா பாலத்து கர்டர்ல மோதி அது கொஞ்சம் நகர்ந்தாலும் மேல தண்டவாளம் கோணிடும். ரயில்ல வர்ற ஆயிரம் பேர் உயிர் அதுல இருக்கு.

ஆனா சட்டம் எங்கே நிக்குது, போர்டு எங்கே நிக்குதுன்னு பாருங்க. ரெண்டும் பாலத்தை ஒட்டி, சரிவு இறங்குற இடத்துல. ரெண்டு பக்கமும் சுவர். அங்கே வந்து "முடியாது"ன்னு தெரிஞ்சா லாரி எப்படித் திரும்பும்? அன்னைக்குப் பின்னால ஸ்கூல் வேன், பால்காரர், நம்ம ஊர் ஆட்டோ எல்லாம் வரிசையா நின்னாச்சு. எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி, மேல் அடுக்கைப் பிரிச்சு ரோட்டுல போட்டு, லாரி வெளிய வர ரெண்டு மணி நேரம். பிரிச்ச கட்டுல பாதி மிதிபட்டுப் போச்சு. அதுக்குக் காசு பிடிச்சாங்க. என்கிட்டதான்.

போர்டுல உள்ள எண்ணே சரியான்னும் ஒரு கேள்வி இருக்கு. ரோட்டுல ஒவ்வொரு தடவை புதுசா தார் போடும்போதும் தரை உயரும். பாலம் உயராது. வீடுகள் பள்ளத்துக்குள்ள போகுதுன்னு 2021-ல அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டார். வீட்டு வாசலுக்குச் சொன்னது பாலத்துக்கும்தானே பொருந்தும். இன்னொரு விஷயமும் இருக்கு. சுரங்கப்பாதை குழியா இறங்கி ஏறுற இடம். நீளமான வண்டியோட முன் சக்கரம் ஏத்தத்துல, பின் சக்கரம் இறக்கத்துல நிக்கும்போது, நடு உடம்பு குழித் தரையிலிருந்து இன்னும் மேல தூக்கி நிக்கும். சமதரையில அளந்த உயரம் அங்கே உதவாது.

"படிக்கத் தெரியாத டிரைவர்"னு சிரிக்கிறவங்களுக்காக ஒரு சேதி. அமெரிக்காவுல டர்ஹாம்னு ஒரு ஊர். அங்கே ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குலம். பக்கத்துல வேலை பார்த்தவர் 2008-ல கேமரா வச்சுப் படம் பிடிக்க ஆரம்பிச்சார். எச்சரிக்கைப் பலகை, மின்னுற விளக்கு, உயர வண்டி வந்தா சிவப்பாகுற சிக்னல் எல்லாம் வச்சும் லாரிகள் மேல்கூரையைக் கிழிச்சுக்கிட்டே இருந்தது. 2019-ல பாலத்தையே 8 அங்குலம் தூக்கினாங்க. அதுக்கப்புறமும் அப்பப்போ ஒண்ணு இடிக்குது.

நம்ம கதையில இன்னொரு கோணலும் இருக்கு. 2020-ல ஒன்றிய அரசு திருத்தின விதிப்படி சரக்கு லாரி 4 மீட்டர் உயரம் வரைக்கும் இருக்கலாம். சட்டப்படி சரியான லாரியே எங்க ஊருக்குள்ள வர முடியாது.

கேட்டை எடுத்ததே தப்புன்னு சொல்ல வரலை. அகல ரயில் பாதையில ஆளில்லா கேட் எல்லாத்தையும் 2019 ஜனவரிக்குள்ள ஒழிச்சாங்க, நல்ல காரியம். கடலூர் செம்மங்குப்பத்துல 2025 ஜூலையில ஆள் இருந்த கேட்லயே ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க போனாங்க. கேட் வேணும்னு யார் கேப்பா? அதே நேரம், உயரம் கிடைக்கட்டும்னு குழியை ஆழமா வெட்டினா மழைத் தண்ணி நிக்கும். புதுக்கோட்டை மாவட்டம் துடையூர்ல 2021 செப்டம்பர்ல சுரங்கப்பாதைத் தண்ணியில கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துட்டார். மேலயும் இடிக்குது, கீழயும் இடிக்குது. பாலம் கட்டுறவங்க பாடு லேசு இல்லைன்னு எனக்கும் புரியுது.

நான் கேக்கிறது சின்ன விஷயம். மெயின் ரோட்டுலேர்ந்து எங்க ஊருக்குத் திரும்புற முக்குல ஒரு போர்டு, ஊருக்குள்ளேர்ந்து கிளம்புற இடத்துல ஒரு போர்டு. "இந்த வழியில் பதினொன்றரை அடிக்கு மேல் போகாது"ன்னு தமிழ்ல, அடிக்கணக்குல. மாற்று வழி எதுன்னு ஒரு அம்புக்குறி. தார் போட்ட அன்னைக்கு ஒருத்தர் டேப் பிடிச்சு அளந்து எண்ணை மாத்தணும். ரெண்டு தடவை மனு கொடுத்தேன். ரெண்டு ஆபீஸ். ரோடு எங்களுது, பாலம் அவங்களுதுன்னு ஒரு ஆபீஸ். பாலம் எங்களுது, ரோடு அவங்களுதுன்னு இன்னொரு ஆபீஸ்.

பெல்ட் அறுப்பு மிஷினை லாரி மேல ஏத்தித்தான் ஊர் ஊராக் கொண்டுவருவாங்க. ஏத்தினா நாலு மீட்டரைத் தாண்டும். அறுப்புக்கு மிஷின் கேட்டு புரோக்கருக்குப் போன் பண்ணினா, எத்தனை ஏக்கர்னு அவர் முதல்ல கேக்கிறதில்லை. "அண்ணே, பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"ன்னுதான் கேக்கிறார். அந்தப் பக்கம்னா பதினாலு கிலோமீட்டர் சுத்து, அதுக்குத் தனி வாடகை. இல்லேன்னா பாலத்துக்கு முன்னாடியே மிஷினை இறக்கி ஓட்டி வரணும். வர்ற வழியெல்லாம் ரோட்டைப் பெயர்க்குதுன்னு ஊர்ல சண்டை.

நேத்து மூங்கில் ஒண்ணு வெட்டி, பதினொன்றரை அடியில சிவப்புத் துணி கட்டிக் களத்துல நட்டு வச்சிருக்கேன். மிச்சம் இருக்கிற வைக்கோலுக்கு ஞாயித்துக்கிழமை வண்டி வருது.