ஆட்சிக்குழுவின் மொழி எது?

பல்கலைக்கழகம் என்பது கட்டடம் அன்று, மணிக்கூண்டு அன்று, பட்டமளிப்பு நாளில் உடுத்துக் களையும் கறுப்பு அங்கியும் அன்று. அதன் உயிர் ஓர் அறைக்குள் இருக்கின்றது. அங்கே ஒரு நீண்ட மேசை. அதனைச் சுற்றிச் சிலர். எந்தப் பாடம் நடக்க வேண்டும், எது நிற்க வேண்டும், எந்த ஊர்க் கல்லூரிக்கு எத்தனை ஆசிரியர், எவ்வளவு கட்டணம் என்பனவெல்லாம் அந்த மேசைமேல்தான் முடிவாகின்றன. அதற்கு ஆட்சிக்குழு என்று பெயர். பெயர் தமிழ். ஆனால், பேச்சு? பொருள்நிரல் ஆங்கிலத்தில், விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில், கூட்டக் குறிப்பேடு ஆங்கிலத்தில். தமிழன் வரிப்பணத்தில், தமிழன் மண்ணில், தமிழன் பிள்ளைக்காகக் கூடும் அவையில் தமிழ் மட்டும் வாயிற்படிக்கு வெளியே நிற்கின்றது!

தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் எனச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 1956. அன்று தொட்டுத் தமிழ் ஒன்றும் உறங்கிவிடவில்லை. சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் தமிழில் படிக்கப்படுகின்றது; இலக்கக் கணக்கான கோடி உருபாவின் கணக்கைத் தமிழ் தாங்குகின்றது. ஊராட்சி மன்றத்தில் குடிநீர்க்குழாய் பற்றிய முடிவைத் தமிழ் தாங்குகின்றது. மேலே நாட்டை ஆளும் அவைக்கும் கீழே ஊரை ஆளும் அவைக்கும் போதுமான மொழி, இடையிலே ஒரு கல்லூரிக்கு ஆய்வுக்கூடம் கட்டலாமா வேண்டாவா என்று பேசுதற்கு மட்டும் போதாமற் போயிற்றா? போதாமை தமிழிடத்தில் இல்லை. மேசையைச் சுற்றியுள்ளவர்களின் உள்ளத்தில் இருக்கின்றது.

‘கூட்டக் குறிப்பு எந்த மொழியில் இருந்தால் என்ன?’ என்று கேட்பாரும் உளர். இதனால் விளையும் கேடு என்ன என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றே போதும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. நெடுநாள் கனவின் ஒரு சிறு துளி அது. 2023-ஆம் ஆண்டு மே திங்களில், வெளியூர்களில் உள்ள தன் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அப்பிரிவுகளை நிறுத்துவதாக அதே பல்கலைக்கழகம் அறிவித்தது. சேர்வோர் குறைவு என்பது காட்டப்பட்ட கரணியம். தமிழ் மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது. பெறப்பட்டது என்று மகிழ்ந்து படுத்துறங்கிவிடுவதா? ஓர் அறிவிப்பால் நிறுத்தவும் மறு அறிவிப்பால் தொடங்கவும் கூடிய பொருளாகத் தமிழ்வழிக் கல்வி ஆகிவிட்டதே, அதற்கன்றோ வருந்த வேண்டும்!

சேர்வோர் ஏன் குறைந்தனர்? விதைத்தவன் நீர் பாய்ச்சினானா என்று கேட்காமல், நிலம் சரியில்லை என்று சொல்வது எவ்வகை வேளாண்மை? தமிழ்வழியில் பொறியியல் படித்தவனுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலகங்களில் இன்ன இடம் உண்டு என்று எவரேனும் உறுதி கூறினரா? முதலாண்டு முதல் நான்காம் ஆண்டுவரை எல்லாப் பாடத்திற்கும் நல்ல நூல்களை முன்கூட்டியே அச்சிட்டுக் கையில் கொடுத்தனரா? தமிழில் கற்பிக்க ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தனரா? அரசுப் பணியிடங்களில் தமிழ்வழிப் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே 2010-இல்தான் வந்தது. ஒரு கை கதவைத் திறக்க, மறு கை படிக்கட்டை இடிக்கின்றது. ஆங்கிலத்திலேயே எண்ணி, ஆங்கிலத்திலேயே பேசி, ஆங்கிலத்திலேயே எழுதிக் கையொப்பமிடும் ஒரு குழுவிற்குத் தமிழ்வழிப் பிரிவு எப்போதும் விருந்தாளிதான், வீட்டுப்பிள்ளை ஆகாது. விருந்தாளியை எப்போது வழியனுப்பலாம் என்றுதான் வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பர்.

இந்நோய் இன்று தோன்றியது அன்று. இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட பெரிய கல்விநிலையம் நடந்தது. அதற்கு நிலம் விளைவித்தவன் தமிழ் உழவன். நெல் அளந்தவன் தமிழன். பாடப்பட்டியலோ ஆரிய மறைகளும் வடமொழி இலக்கணமும். தொல்காப்பியத்திற்கு அப்பட்டியலில் இடமில்லை. வடசென்னைத் திருவொற்றியூர்க் கோயிலிலும் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிக்கவென்றே ஒரு மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்தமையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. வியப்பு என்னவென்றால், கொடையைத் தமிழில் வெட்டினர். கல்வியை வடமொழியில் நடத்தினர்! கொடுப்பதற்குத் தமிழ், பெறுவதற்கு வேறு மொழி. 1857-இல் ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது வடமொழி இருந்த இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்தது. இருக்கை மாறவில்லை, அமர்ந்தவர்தான் மாறினர். தமிழ் நின்றுகொண்டே இருந்தது. இன்றும் நின்றுகொண்டே இருக்கின்றது.

நாடு விடுதலை பெற்றபின் சொல்லளவில் முயற்சிகள் நடந்தன. 1960-இல் கோவை அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப் படிப்பு தொடங்கப்பெற்றது. 1968 சனவரி 23-ஆம் நாள், இந்தியை நீக்கி இருமொழிக் கொள்கையை ஏற்ற அதே சட்டமன்றம், ஐந்தாண்டுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழி ஆதல் வேண்டும் என்றும் முடிவு செய்தது. அந்த ஐந்தாண்டு 1973-இல் முடிந்தது. அதன்பின் அரை நூற்றாண்டும் கடந்துவிட்டது. இந்தியை விரட்டிய பாதியை நினைவில் வைத்துக்கொண்டோம்; தமிழை அமர்த்தவேண்டிய மறுபாதியை மறந்துவிட்டோம். பகைவனை வாயிலில் தடுத்த வீரம், தாயை உள்ளே அழைத்து அமர்த்தும் அன்பாக ஏன் மாறவில்லை?

இனி, வடசென்னைக்கு வாருங்கள். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இந்தக் கரையில் கடலும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்குள்ள மீனவர் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் திசையையும் வலிவையும் கொண்டு மீன்பாட்டைக் கணிக்கின்றனர். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா, நெத்திலி, காலா என மீனினங்களைப் பிரித்தறிகின்றனர். இவர்களின் முன்னோர் கட்டிய கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலமே கடன் வாங்கிக்கொண்டு இன்றுவரை திருப்பித் தரவில்லை! சற்று வடக்கே பழவேற்காட்டில் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறை வைத்துள்ளனர். மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடமும் குறைவாகக் கிடைக்கும் இடமும் எல்லார்க்கும் மாறிமாறி வருமாறு, சீட்டுக் குலுக்கி, ஊர்கூடிப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. அதுவும் ஓர் ஆட்சிக்குழுதான். அக்குழுவின் மொழி தமிழ். அங்கே எவனுக்கும் தன் பங்கு என்ன என்று விளங்காமற் போவதில்லை.

பழவேற்காட்டை அடுத்த பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று நடக்கின்றது. மீனைப் பற்றியும் வலையைப் பற்றியும் கடலைப் பற்றியும் அங்கே கற்பிக்கப்படுகின்றது, ஆங்கிலத்தில்! வலையிழுத்த கையின் மகன், தந்தை நாள்தோறும் சொல்லும் சொற்களையெல்லாம் வாயிலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மீண்டு வரும்போது அவன் கற்றதைத் தந்தைக்குச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. தந்தை அறிந்ததை அவன் ஏட்டில் எழுத அங்கே இடமில்லை. இதனால் இழப்பு மீனவனுக்கு மட்டுமா? அறிவியலுக்கும் இழப்பன்றோ?

இந்த இழப்பு ஏட்டளவில் நிற்பதும் இல்லை. 2017 சனவரி 28-இல் எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவிற்று. கரையொதுங்கிய கரிய சேற்றை மக்கள் வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடிற்று. படகும் வலையும் பாழாயின. அதே திங்களின் 26-ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயினின்று அம்மோனியா வளி கசிய, மூச்சுத்திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். அந்த வளி என்ன செய்யும், அந்த எண்ணெய் மீனுக்குள் எத்தனை நாள் தங்கும், அந்த நீரில் இறங்கலாமா என்று அவர்தம் மொழியில் உடனே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் யார்? ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் அல்லவா? கழிமுகம் இவர்களுடையது, நுரையீரல் இவர்களுடையது, அவற்றைப் பற்றிய ஆய்வேடு மட்டும் இவர்கள் படிக்கவியலாத மொழியில்! மொழியுரிமை என்பது புலவர்களின் பொழுதுபோக்கு என்று நகைப்போர் எண்ணூர்க் கரையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். அங்கே அது மூச்சுரிமை.

‘தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா?’ என்னும் பழம்பாட்டை இன்னும் பாடுவார் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1860-களிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். கடல் கடந்து வந்த வெள்ளையனுக்குக் கூடிற்று. தமிழ்த்தாயின் வயிற்றில் பிறந்த துணைவேந்தர்களுக்குக் கூடவில்லை! 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் தமிழில் வந்தது. அதனைச் செய்த தமிழ் வளர்ச்சிக் கழகம் இயங்கியதே சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில்தான். அணுவும் விண்மீனும் தமிழில் எழுதப்பட்ட வளாகத்தில், அலுவல் மடல் தமிழில் எழுதப்படாது என்றால் நகைப்பதா, அழுவதா?

உழைப்பாளர் வரலாறும் இதற்கு வழிகாட்டும். 1918-இல் வடசென்னை ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அது தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது. தமிழாசிரியராயிருந்த திரு.வி.க. அத்தொழிலாளர்முன் தமிழிலேயே நின்று பேசினார். சங்கம், உரிமை, வேலைநிறுத்தம் என்பன ஏட்டுச் சொற்களாக இல்லாமல் தெருச் சொற்களாக ஆயின. மக்கள் மொழி அவைக்குள் வந்தால்தான் மக்களும் அவைக்குள் வருவர்.

வேற்று நாட்டார் ஒருவர் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். 1913-ஆம் ஆண்டு. பாலத்தீனத்தின் கைபா நகரில் யூதர்க்கெனத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அதன் ஆட்சிக்குழு கூடியதோ கடலுக்கப்பால் பெர்லினில். அறிவியற் பாடங்களைச் செருமன் மொழியில் கற்பிப்பது என்று அக்குழு முடிவு செய்தது. எபிரேயம் அப்போது ஒரு தலைமுறைக்கு முன்புதான் மீண்டும் வாய்ப்பேச்சாகத் தொடங்கியிருந்த மொழி; அதில் பொறியியற் சொற்களும் இல்லை, நூல்களும் இல்லை. ஆயினும் ஆசிரியர்கள் பணியை விட்டு வெளியேறினர். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினர். 1914 பிப்பிரவரியில் ஆட்சிக்குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. உலகப்போர் இடையிட்டு, 1924-இல் வகுப்புகள் தொடங்கியபோது கல்லூரியின் மொழி எபிரேயமாய் இருந்தது. சொல் வந்தபின் கற்பிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கற்பித்தார்கள், சொல் வந்தது. பல நூற்றாண்டு வழக்கொழிந்து கிடந்த மொழிக்கு அவர்கள் செய்ததை, ஒருநாளும் வழக்கொழியாத மொழிக்கு நாம் செய்யலாகாதா?

ஆகவே, தமிழர்களே, கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றின் ஆட்சிக்குழுவும் தன் பொருள்நிரலையும் கூட்டக் குறிப்பேட்டையும் தமிழில் எழுதுக. எழுதி மக்கள் காண வெளியிடுக. ஆண்டில் ஒரு கூட்டமேனும் தலைமையிடத்தை விட்டு வெளியூர்க் கல்லூரிகளில் நடத்துக. வியாசர்பாடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மாணவரையும் பெற்றோரையும் தொழிலாளரையும் மீனவரையும் அழைத்து, அவர்கள் கேட்கத் தமிழில் பேசுக. மீனவர்க்கோ உழவர்க்கோ அவையில் இருக்கை தந்தால் மட்டும் போதாது. விளங்காத மொழியில் நடக்கும் அவையில் இருக்கை என்பது ஊமைக்குப் போட்ட மணை. தமிழ்வழிப் பிரிவு எதனையும் நிறுத்துமுன், நூலும் ஆசிரியரும் வேலையும் தந்து பார்த்தோம் என்பதைத் தமிழில் மக்கள்முன் மெய்ப்பிக்க.

இவற்றுள் எதற்கும் புதுச்சட்டம் வேண்டா, பெரும்பணமும் வேண்டா. ஓர் அலுவலர் ஆங்கிலத்தில் எழுதும் குறிப்பைத் தமிழில் எழுதினால் போதும். ஓர் உறுப்பினர் தமிழில் வாய்திறந்தால் போதும். அவை தமிழில் பேசத் தொடங்கிவிட்டால், வகுப்பறை தமிழில் பேசுவதை எவராலும் தடுக்கவியலாது. அவை பேசாதவரை, வகுப்பறைத் தமிழுக்கு ஒவ்வொரு மே திங்களும் ஓர் இறுதியறிவிப்பு காத்திருக்கும். அந்த மேசையின் மொழியை மாற்றுங்கள். மேசையில் எழுதப்படும் முடிவும் மாறும்!